துல்லியம் மட்டும் போதுமா?

கேள்வி: பேச்சை எழுத்தாக்கும் தொழில்நுட்பம் பல கம்பெனிகளிடம் இருக்கிறதே. எது அதிகத் துல்லியமோ அதன் பங்கை வாங்கினால் சரிதானே?

பதில்: அது மட்டும் போதாது. அமெரிக்காவின் டிராகன் சிஸ்டம்ஸைப் பாருங்கள். பேக்கர் தம்பதி 1982-இல் தொடங்கியது. 1997-இல் வந்த அவர்களின் நேச்சுரலி ஸ்பீக்கிங் மென்பொருள், சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் இயல்பாகப் பேசினாலே எழுதித் தந்தது. ஐபிஎம்மின் வயாவாய்ஸோடு நேருக்கு நேர் நின்ற சரக்கு.

2000-இல் தங்கள் கம்பெனியை பெல்ஜியத்தின் லெர்னவுட் அண்ட் ஹவுஸ்பி என்ற கம்பெனிக்கு விற்றார்கள். கைக்கு வந்தது ரொக்கம் அல்ல, வாங்கிய கம்பெனியின் பங்குகள். அதே ஆண்டு வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், அந்த பெல்ஜியக் கம்பெனி சொன்ன கொரிய வாடிக்கையாளர்களையே விசாரித்தது. சிலர், 'நாங்கள் எதுவும் வாங்கவில்லையே' என்றார்கள்! பங்கு வெறும் காகிதமானது. அந்தத் தம்பதியின் உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

தொழில்நுட்பம் என்னவோ பிழைத்தது. கைமாறி நுவான்ஸ் என்ற கம்பெனியிடம் போய், மருத்துவர்களின் குறிப்பெழுதும் வேலையில் வேரூன்றியது. அந்த நுவான்ஸை வாங்க 2021-இல் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்ட விலை, கடனையும் சேர்த்து, சுமார் 1,970 கோடி டாலர். அடுத்த ஆண்டே ஓப்பன்ஏஐ, பேச்சை எழுத்தாக்கும் தன் விஸ்பரை இலவசமாகத் தந்துவிட்டது. அதனால் துல்லியத்தைப் பார்ப்பதற்கு முன், ஆண்டுதோறும் யார் பணம் கட்டுகிறார்கள், அந்தப் பணம் உண்மையிலேயே வங்கிக்கு வருகிறதா என்று பாருங்கள்.