அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் பெயர்

கேள்வி: குறுவை நடவுக்குப் போகத் தொடங்கியதிலிருந்து இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், வட்டமாகத் தடித்து அரித்தது. மருந்துக்கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கித் தடவினேன்; மூன்றே நாளில் அரிப்பு நின்றது. தடவாமல் விட்டதும் மீண்டும் வந்தது. இப்போது தொடை வரை பரவி, மருமகளுக்கும் பேரனுக்கும் வந்துவிட்டது. எந்தக் களிம்பு தடவினால் அடியோடு போகும்?
(வாசகி, மன்னார்குடி வட்டம்)

பதில்: நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையல்ல என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் படர்தாமரையாகத்தான் இருக்கும். இது பூஞ்சையால் வருவது. காலை முதல் சேற்றிலும் தண்ணீரிலும் நின்று, நனைந்த துணியை மாற்றாமலேயே வீடு திரும்பும் நடவுக்காரர்களுக்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் இது எளிதில் பற்றிக்கொள்ளும்.

நீங்கள் வாங்கிய டியூபின் பெயரை எழுதவில்லை. ஆனால் மூன்று நாளில் அரிப்பு நின்றது என்கிறீர்களே, அதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. பூஞ்சைக்கொல்லி மருந்து அவ்வளவு விரைவில் வேலை செய்வதில்லை, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து செய்யும். அது தோலின் எதிர்ப்பை அடக்கிவிடுவதால் சிவப்பும் அரிப்பும் குறைகின்றன, பூஞ்சையோ தடுப்பார் இல்லாமல் வளர்கிறது. வட்டத்தின் விளிம்பும் செதிலும் மறைந்துபோவதால், பிறகு பார்க்கும் மருத்துவருக்கே நோயை அடையாளம் காண்பது கடினமாகிவிடும். சென்ற வாரம் ஓர் அம்மா சுருக்குப்பையிலிருந்து மடித்த அட்டைப்பெட்டியை எடுத்துக் காட்டினார். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி என மூன்று மருந்துகள் ஒரே களிம்பில் இருந்தன. எல்லாம் கலந்திருந்தால் எதற்கும் கேட்கும் என்று அவர் நம்பியிருந்தார்.

பெயரிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. குளோட்ரிமசால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. குளோபெட்டசால் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல ஒலிப்பதால், வாயால் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும்போது ஒன்றுக்கு மற்றொன்று கைக்கு வந்துவிடலாம். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகியவையும் ஸ்டீராய்டுகளே. பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. விதி இருக்கிறது, டியூபும் கைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது அந்தக் களிம்பை நிறுத்துங்கள். நிறுத்திய சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் முன்பைவிடக் கூடலாம். அதற்குப் பயந்து மறுபடியும் அதையே தடவினால் கதை முதலிலிருந்து தொடங்கும். பழைய டியூபையும் எடுத்துக்கொண்டு, உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை தெரிந்துவிடும். மருந்து வாரக்கணக்கில் தேவைப்படும், தடம் மறைந்த பிறகும் மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும். மூவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்காவிட்டால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும். துண்டும் சோப்பும் தனித்தனியாக இருக்கட்டும், துணியை வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். பேரன் இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால், ஈரத்தைப் பிடித்துவைக்கும் அந்தக் கயிற்றைக் குணமாகும்வரை கழற்றிவிடுங்கள்; தாத்தா பாட்டிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான். மருத்துவர் மொமெட்டசோன் களிம்பை நாளுக்கு ஒருமுறை 2 வாரம் தடவச் சொன்னார். ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் என் மாமியார் தடவவே விடவில்லை. என்ன செய்வது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: முதல் கடிதத்துக்கு நேர் எதிரான தவறு இங்கே நடக்கிறது. கரப்பான் (எக்ஸிமா) என்பது பூஞ்சையால் வருவதல்ல, தோலின் அழற்சி; அதற்கு ஸ்டீராய்டு களிம்புதான் உரிய மருந்து. பயந்து தடவாமல் விட்டால் குழந்தை இரவெல்லாம் சொறிந்து, புண்ணாகி, சீழ் பிடிக்கும். சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை தடவினால் தீங்கு வருவது அரிது.

அளவுக்கு உங்கள் விரலே போதும். உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூபிலிருந்து ஒரு கோடாகப் பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு, விரல்களும் சேர்த்து, அது போதும். உங்கள் மகனின் நான்கு மடிப்புகளும் சேர்ந்து நான்கு உள்ளங்கை அகலத்துக்கு மேல் இராது என்பதால், நாளுக்கு 1 கிராமே உச்சம். தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ குளித்தவுடன் ஈரம் உலரும் முன்பே பூசலாம். அதற்கும் மருந்துக்கும் அரைமணி இடைவெளி இருக்கட்டும். களிம்பின் மேல் பிளாஸ்டிக் தாளோ இறுக்கமான கட்டோ வேண்டாம், மருந்து பல மடங்கு உள்ளே இறங்கும். மாமியாரிடம் அந்த விரல்நுனி அளவைக் காட்டிவிட்டு அவரையே தடவச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: தை மாதம் திருமணம். முகம் வெளுக்க ஒரு தோழி கொடுத்த களிம்பை 4 மாதமாகத் தடவுகிறேன். ஒருநாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது, பருவும் வருகிறது.
(வாசகி, மயிலாடுதுறை)

பதில்: ஸ்டீராய்டு கலந்த களிம்பில் முகம் பழகிவிட்டதற்கான அறிகுறி இது. முகத்தின் தோல் மெல்லியது என்பதால் மருந்தை முன்கையைவிடப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். இமையருகே நெடுநாள் தடவினால் கண்ணழுத்த நோயும் கண்புரையும்கூட வரலாம். முகத்தில் கருமையாகப் படரும் மங்குக்கு ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், டிரெட்டினோயின் என்ற மூன்று மருந்துகளும் சேர்ந்த களிம்பை மருத்துவர்களே எழுதுவதுண்டு, ஆனால் அது சில வாரங்களுக்கு மட்டும், கண்காணிப்போடு. நிறம் கூட்டுவதற்கு அல்ல. நீங்களாக அடியோடு நிறுத்தினால் எரிச்சல் தாங்காது, தொடரவும் கூடாது. படிப்படியாக வீரியத்தைக் குறைத்து நிறுத்தும் வழியைத் தோல் மருத்துவர் வகுத்துத் தருவார். தை பிறக்க நாளிருக்கும்போதே இந்த வாரமே போங்கள், அந்த டியூபின் பெட்டியையும் தோழியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு.