எல்லாம் தெரிந்த நாயகிக்காக யார் பதறுவார்கள்?

கேள்வி: மூன்று பாக அறிவியல் புனைகதைத் திரைக்கதை எழுதுகிறேன். நாயகி விண்கலம் ஓட்டுவாள், சண்டையில் தோற்கமாட்டாள், அடுத்தவர் மனதையும் படிப்பாள். படித்துப் பார்த்த நண்பர்கள், "அவளுக்கு என்ன ஆனாலும் பதறவே இல்லை" என்கிறார்கள். அவள் சக்தியைக் குறைத்துவிடவா?

பதில்: குறைக்க வேண்டாம். குறைத்தால் மட்டும் பதற்றம் வந்துவிடாது. அவள் சக்தி கைகொடுக்காத இடம் ஏதாவது கதையில் இருக்கிறதா? அதைப் பாருங்கள்.

1991-ல் வந்த 'டெர்மினேட்டர் 2' படத்தில், மனநல மருத்துவமனையிலிருந்து நாயகி சாரா கானர் தப்பிக்கும் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். காகிதக் கிளிப்பால் பூட்டைத் திறக்கிறாள், ஊழியரை அடித்துச் சாய்க்கிறாள், மருத்துவரையே பிணையாகப் பிடிக்கிறாள். யாராலும் தடுக்க முடியவில்லை. அப்புறம் லிஃப்ட் கதவு திறக்கிறது. 1984-ல் வந்த முதல் படத்தில் தன்னைக் கொல்ல வந்த எந்திர மனிதனின் அதே முகம். அவ்வளவு நேரம் புலியாக இருந்தவள் வழுக்கி விழுந்து, எந்தக் காவலர்களிடமிருந்து ஓடிவந்தாளோ அவர்களை நோக்கியே அலறிக்கொண்டு ஓடுகிறாள். உடம்பை எவ்வளவு முறுக்கேற்றினாலும் அந்தப் பயம் போகவில்லை.

ஸ்டார் வார்ஸ் படங்களின் நாயகி ரே மீதுதான் இந்தப் புகார் அதிகம்: பயிற்சியே இல்லாமல் வாள்சண்டையில் ஜெயிக்கிறாளே என்று. 2015 படத்தில் அவளிடம் தோற்கும் வில்லன் கைலோ ரென் ஏற்கெனவே சுடப்பட்டு, பனியில் ரத்தம் சொட்ட நிற்பவன். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் படத்தில் எனக்கு அவள்மேல் பரிவு குறையவே இல்லை. காரணம், ஆரம்பத்தில் வரும் வசனமில்லாத சில நிமிடங்கள். சுவர் முழுக்க நாள் எண்ணிக் கீறிய கோடுகள். தனியாகச் சாப்பிட்டுவிட்டு, பழைய விமானி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண். விட்டுப்போன குடும்பத்தை எந்த சக்தியாலும் வரவழைக்க முடியாது.

என்னைப் பொறுத்தவரை, சறுக்கியது அதே வரிசையின் 2019 படம். ரேயின் கையிலிருந்து பாயும் மின்னலில் ஒரு கலம் வெடிக்கிறது. நண்பன் சூபக்கா அதில் செத்துவிட்டான் என்று உடைந்துபோகிறாள். கொஞ்ச நேரத்திலேயே அவன் வேறு கலத்தில் உயிரோடு இருப்பதை நமக்குக் காட்டிவிடுகிறார்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி! 1980-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக்கின் கை போனது, போனதுதான். அடுத்த படத்திலும் எந்திரக் கையோடுதான் வந்தான்.

இனி உங்கள் கதை. மனதைப் படிப்பாள் என்கிறீர்கள். சரி, முதல் பாகத்திலேயே எதிரியை விட்டுவிட்டு, அவள் முழுக்க நம்பும் ஒருவரின் மனதைப் படிக்க வையுங்கள். அம்மாவாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கே அவள் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்க்கட்டும். மூன்றாம் பாகம் முடியும்வரை அதைப் பொய்யென்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.