"சிஸ்டரே, நீ அந்தப் பெட்டியத்தான் பாப்பே!"

வார்டு வாசல்: வாசகர் கேள்வி, பதில்
பதில் சொல்பவர்: தக்கலையில் வசிக்கும் ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டெண்ட்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். போன வருடம் கேஸ் ஷீட்டை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். நைட் டூட்டியில் 18 நோயாளிகளுக்கு இரண்டு பேர், எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். ஒரே பி.பி.யை மூன்று பக்கத்தில் அடிக்கணும். ட்ரிப் மாற்றிவிட்டு வந்தால் லாக்-அவுட் ஆகிக் கிடக்கும். தண்ணி கேட்டுக் காத்திருந்த ஒரு பாட்டி, "சிஸ்டரே, நான் செத்தாலும் நீ அந்தப் பெட்டியத்தான் பாப்பே" என்றார். பாத்ரூமில் போய் அழுதேன். பழைய நோட்டே போதும் என்றால், "காலத்துக்கேத்த மாதிரி மாறணும்" என்கிறார்கள். என்ன செய்ய?
(பெயர் வேண்டாம், மார்த்தாண்டம்)

பதில்: மக்களே (வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் ஒருத்தியைக் கூப்பிடவும் "மக்களே"தான்), அந்தப் பாட்டி சொன்னது உன் மேலே உள்ள கோபம் இல்லை. ஆனால் "பழைய நோட்டே போதும்" என்று மட்டும் சொல்லாதே. நோட்டுக் காலத்தில் இருந்தவள் நான். டாக்டர் கிறுக்கியது டயோவாலா டயோனிலா என்று தெரியாமல் மூணு பேர் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறோம். ஒன்று வயிற்று எரிச்சலுக்கு, மற்றது சர்க்கரையைக் குறைப்பதற்கு. மாறியிருந்தால்? அந்தப் பயத்தைக் கம்ப்யூட்டர் தீர்த்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

அது எடுத்துக்கொண்டது வேறே. எங்கள் டி.பி.ஆர். சார்ட்டில் (காய்ச்சல், நாடி, மூச்சு மூன்றையும் குறிக்கும் தாள்) காய்ச்சல் நீல மையில், நாடி சிவப்பு மையில். கட்டில் கால்மாட்டில் தொங்கும். ஒருநாள் ராத்திரி ஆபரேஷன் முடிந்து வந்த குளச்சல்காரர் ஒருவர். பி.பி. சரியாகத்தான் இருந்தது. நீலக் கோடு அசையவில்லை. சிவப்புக் கோடு மட்டும் ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போனது. கையைப் பிடித்தால் நாடி நூல் மாதிரி. டாக்டரை எழுப்பினோம். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. பி.பி. விழுவது பிந்தித்தான், நாடி முந்திச் சொல்லிவிடும். அதே எண்களை உங்கள் திரையில் ஆறு பக்கத்தில் பிரித்துப் போட்டால், எந்த நர்ஸுக்கு அந்த ஏணி தெரியும்? விரலில் மாட்டும் மிஷின் 110 என்று காட்டும், நூல் மாதிரி இருக்கிறது என்று காட்டாது.

அதனால் ஒன்று செய். மூன்று நைட்டுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்து வை: ஒரே பி.பி.யை எத்தனை தடவை அடித்தாய், எத்தனை தடவை திரும்ப லாகின் போட்டாய், அதற்கு எத்தனை நிமிஷம். நோயாளி பெயர் எழுதாதே. அதைக் கொண்டுபோய் உங்கள் சூப்பரின்டெண்டிடம் கொடு. "கஷ்டமா இருக்கு மேடம்" என்றால் நாளைக்கு மறந்துவிடுவார்கள், நிமிஷக் கணக்கை மறக்க முடியாது. கேட்க வேண்டியது மூன்றே மூன்று: ஒரு தடவை அடித்தால் எல்லாப் பக்கத்திலும் ஏறணும், முதல் பக்கத்திலேயே கோட்டுப்படம் வரணும், கட்டில் வரைக்கும் தள்ளிப் போகிற வண்டியில் ஒரு கம்ப்யூட்டர் வேணும். முதல் இரண்டும் சாஃப்ட்வேர்க்காரர் உட்கார்ந்தால் ஆகிற காரியம். மூன்றாவதுக்குப் பணம் ஆகும், இழுப்பார்கள்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் முந்தின ஷிஃப்ட் எழுதியதைக் காப்பி அடித்து ஒட்டாதே. விடிய விடிய வாந்தி எடுத்தவர் "நன்றாகத் தூங்கினார்" என்று பதிவாகி நிற்பதைக் கண்டிருக்கிறேன். தோழியின் லாகினிலும் எழுதாதே. இப்படிப்பட்ட சாஃப்ட்வேரில் யார், எத்தனை மணிக்கு அடித்தார் என்பது உள்ளே பதிவாகும். இரண்டு மணிக்குப் பார்த்ததை நாலு மணிக்கு எழுதினால் அப்படியே, "2 மணிக்குப் பார்த்தது" என்று எழுது. பிந்தி எழுதுவது தப்பில்லை.

பாட்டிக்குத் தண்ணி கொடுத்துவிட்டுத்தானே அழப் போனாய்?

கேள்வி: ஓ.பி. சீட்டுப் போடும்போது 'ஆபா' எண் கேட்கிறார்கள். கட்டாயமா?
(வாசகர், குலசேகரம்)

பதில்: கட்டாயம் இல்லை, விருப்பம்தான். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் தரும் 14 இலக்க எண் அது. இருந்தால் வேறு ஆஸ்பத்திரி போகும்போது, நீங்கள் சம்மதித்தால், பழைய ரிப்போர்ட்டுகளைக் காட்டலாம். அதற்காக எக்ஸ்ரே கவரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகள் நர்சிங் மூன்றாம் வருடம். லீவில் டைப்பிங் கிளாஸுக்கு விடலாமா?
(ஒரு தாய், கருங்கல்)

பதில்: விடுங்கள். கீபோர்டைப் பார்க்காமல் அடிக்கத் தெரிந்த பிள்ளை, நோயாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்கும்.