எந்த ஏர்லைன்ஸ் சைபர் விஷயத்தில் உஷார்? – கேள்வி பதில்

ரேட்டிங் நிறுவனங்கள் ஏர்லைன்ஸ்களுக்கு சைபர் மதிப்பெண் போடுகின்றன. அதை நம்பி ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. அவர்கள் வெளியே நின்று தெரிவதை அளக்கிறார்கள்: திறந்து கிடக்கும் போர்ட் (சர்வரின் இணைய நுழைவாயில்), காலாவதியான இணையதளச் சான்றிதழ், அப்டேட் செய்யாத சர்வர். கால் சென்டர் ஊழியர் போனில் ஏமாறுவாரா என்பது அதில் வராது. 2025 ஜூன் கடைசியில் குவாண்டாஸ் மாட்டிக்கொண்டது கால் சென்டர் வழியாகத்தான். திருடு போன விவரங்கள் இருந்ததும் வெளி நிறுவனத்தின் மென்பொருள் தளத்தில். சுமார் 57 லட்சம் வாடிக்கையாளர்கள்.

தகவல் கசிவுக்காக பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு 2 கோடி பவுண்டு அபராதம், கேத்தே பசிபிக்குக்கு வெறும் 5 லட்சம். அப்போ பிரிட்டிஷ் ஏர்வேஸ்தானே மோசம்?

அபராதத்தை வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். கேத்தே மாட்டியது பிரிட்டனின் 1998 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அதில் உச்சவரம்பே 5 லட்சம்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் சம்பவம் 2018 மே மாதம் ஜிடிபிஆர் (அபராத வரம்பு மிக அதிகமான ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) வந்த பிறகு நடந்தது.

புகுந்த ஆளை எத்தனை நாளில் கண்டுபிடித்தார்கள், எப்போது வெளியே சொன்னார்கள் என்று நான் நாட்களைப் பார்ப்பேன். பிரிட்டிஷ் ஏர்வேஸில் 2018 ஜூன் 22-ல் புகுந்தார்கள். சப்ளையர் ஊழியர் ஒருவரின் லாகின், அதற்கு (ஓடிபி மாதிரி) இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. பிறகு இணையதளத்தில் ஏற்கெனவே இருந்த மாடர்னைசர் என்ற ஸ்கிரிப்டின் (நிரல் துண்டு) அடியில் 22 வரி சேர்த்தார்கள். பயணி கார்டு எண்ணை அடித்து பட்டனை அழுத்தியதும் அது விமான நிறுவனத்துக்கும் போகும், 'பிஏவேஸ்' என்ற போலி முகவரிக்கும் போகும். செப்டம்பர் 5-ல் வெளியாள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, மறுநாளே அறிவித்துவிட்டார்கள். கேத்தேயில் 2014-லிருந்தே ஆள் உள்ளே இருந்திருக்கிறார். 2018 மார்ச்சில் சந்தேகம் வந்தும் 94 லட்சம் பயணிகளுக்கு விஷயம் தெரிந்தது அக்டோபரில். எனக்குக் கேத்தேதான் அதிகக் கவலை தருகிறது.

ஏர் இந்தியா கசிவில் என் பாஸ்போர்ட் விவரமும் போனது. தப்பு அவர்களுடையதா, பயணிகள் விவர மென்பொருள் தரும் சீட்டா நிறுவனத்துடையதா?

உடைந்தது சீட்டாவின் சர்வர், 2021 பிப்ரவரியில். ஆனால் போன 45 லட்சம் பேரின் விவரங்கள் 2011 ஆகஸ்டிலிருந்து சேர்ந்தவை. பத்து வருடப் பழைய பயணியின் பாஸ்போர்ட் எண் எதற்கு அங்கே கிடக்க வேண்டும்? அந்தக் கேள்வியை ஏர் இந்தியாவிடம்தான் கேட்க வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அந்த மென்பொருளை வாங்கவே இல்லை. ஸ்டார் அலையன்ஸ் என்ற ஏர்லைன்ஸ் கூட்டணியின் கூட்டாளிகளோடு பகிர்ந்ததால், அடிக்கடி பறப்பவர்களுக்கான அவர்களின் சலுகைத் திட்டத்தின் 5,80,000 உறுப்பினர்களின் விவரமும் போனது. நல்லவேளை, அங்கே பெயர், உறுப்பினர் எண், தகுதி நிலை போன்றவை மட்டும்தான்.

ஹேக்கர்கள் விமானத்தையே கைப்பற்ற முடியுமா?

பயணிகளின் வைஃபையும் விமானக் கட்டுப்பாடும் தனித்தனிப் பிணையங்கள். இப்போதைய நிஜத் தொல்லை போலி ஜிபிஎஸ் சிக்னல். அது பறக்கும் பகுதியைப் பொறுத்தது, கம்பெனி ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

எல்லோரும் ஒரே சப்ளையரிடம்தான் வாங்குகிறார்கள் என்றால் ஒப்பிட என்னதான் மிச்சம்?

மீண்டு வரும் வேகம். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தப்பான அப்டேட்டால் வந்த கோளாறு தாக்குதல் இல்லைதான், ஆனால் ஒப்பிட அதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது: சிக்கிய எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே பழுது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சட்டென்று எழுந்தது. டெல்டாவில் எந்தப் பைலட் எங்கே இருக்கிறார் என்று கணக்கு வைக்கும் மென்பொருள் திணறியதால், ஐந்து நாளில் சுமார் 7,000 விமானங்கள் ரத்து. 2025 செப்டம்பரில் காலின்ஸ் ஏரோஸ்பேஸின் செக்-இன் மென்பொருள் ரான்சம்வேரில் (சிஸ்டத்தை முடக்கிப் பணம் கேட்கும் தாக்குதல்) விழுந்தபோது ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் விமான நிலையங்களில் பல ஏர்லைன்ஸ்கள் கையால் செக்-இன் செய்ய வேண்டியிருந்தது.

ஆபீஸில் மூன்று சப்ளையர்களை ஒப்பிட்டு அறிக்கை கேட்கிறார்கள். எங்கே தொடங்க?

தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ சான்றிதழை மூவருமே நீட்டுவார்கள், அதை ஓரமாக வையுங்கள். தகவலை எத்தனை வருடம் வைத்திருக்கிறார்கள், அவர்களின் சப்ளையர் யார், அந்த லாகின்களுக்கு இரண்டாவது சரிபார்ப்பு உண்டா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் வேலை என்றால் 'பார்ட்-ஐஎஸ்' என்ற விமானத் துறைத் தகவல் பாதுகாப்பு விதிகளுக்கு எவ்வளவு தயார் என்பதும் வேண்டும். அப்புறம், பேக்கப்பிலிருந்து முழு சிஸ்டத்தையும் கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தார்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுத்தில் வாங்குங்கள். "பாலிசி இருக்கிறது" என்று பதில் வந்தால் பூஜ்யம் போடுங்கள்.