சிசேரியன் என்றால் வலிக்குப் பயந்தவர்கள் என்று அர்த்தமா?

கேள்வி இது: "வலிக்குப் பயந்தவர்களும் வசதியானவர்களும்தான் சிசேரியனுக்குப் போகிறார்கள் என்பதுபோலச் செய்திகள் காட்டுகின்றன, சீரியல்களிலோ அது உயிர்போகும் ஆபத்தாக இருக்கிறது. என் மனைவிக்கு இது ஏழாவது மாதம். எதைத்தான் நம்புவது?"

இரண்டையும் நம்ப வேண்டாம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பிள்ளைகளையும் இங்கேதான் சிசேரியனில் பெற்றேன், மூத்தவளை அவசரமாக, இளையவனைத் திட்டமிட்டு. அதனால் இந்தப் பேச்சு வந்தாலே எனக்குக் கோபமும் கூடவே வந்துவிடும்.

சீரியலில் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். டாக்டர் வெளியே வந்து, "பெரிய உயிரா, சின்ன உயிரா, ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்" என்பார். மாமியார் சாமி படத்தின் முன்னால் விழுவார். செய்திப் பக்கத்தில் கதை நேர்மாறாக இருக்கும். 1999இல் விக்டோரியா பெக்கம் சிசேரியனில் குழந்தை பெற்றபோது, முக்கிப் பெறுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் சீமாட்டி என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் கேலி செய்தன. அந்தக் கேலி இன்றும் ஓயவில்லை. ஓரிடத்தில் சிசேரியன் ஆனவள் பரிதாபம், இன்னோரிடத்தில் சொகுசுக்காரி. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, நிலைமை என்ன, என்னென்ன வழி இருக்கிறது என்று அவளுக்கு விளக்கும் காட்சியை நான் எதிலும் பார்த்ததில்லை.

எனக்கு நடந்தது அப்படி இல்லை. இரவு முழுக்க வலி வந்து வந்து போனது. வயிற்றில் ஒரு பட்டை கட்டியிருந்தார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு பக்கத்தில் காகிதத்தில் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் ஒவ்வொரு வலிக்கும் கோடு இறங்க ஆரம்பித்தது, வலி விட்ட பிறகும் மேலே வரத் தாமதமானது. தாதி என்னை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தார். மாற்றமில்லை. டாக்டர் அந்தக் காகிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்து, எந்த இடத்தில் இறங்குகிறது என்று விரலால் காட்டினார். கருப்பை வாய் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, காத்திருந்தால் குழந்தை தாங்காது என்றார். கையெழுத்துப் போட்டேன். வலி தெரியாமல் இருக்க முதுகில் பொருத்தியிருந்த எபிடியூரல் குழாய் வழியாகவே மருந்தைக் கூட்டினார்கள். கத்தி பட்டது தெரியவில்லை, ஆனால் உள்ளே இழுப்பதும் மேலே இருந்து அழுத்துவதும் நன்றாகத் தெரிந்தது. சில நிமிடத்தில் மகள் அழுதாள். மிச்ச நேரமெல்லாம் அடுக்கடுக்காகத் தையல்தான். மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னார்கள். கட்டிலைவிட்டு நேராக எழ முடியாது, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றித்தான் எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளவும் தாதிதான் சொல்லிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் புளோக்கில் இருக்கும் அத்தை ஒருவர் தேக்கா சந்தையில் பால் சுறா வாங்கி, புட்டு செய்து எடுத்துவந்தார். அவ்வளவு பாசம். "நோவே தெரியாமப் பெத்துட்ட, கொடுத்து வச்சவம்மா" என்றார். அவர் மனதில் கள்ளம் இல்லை. இத்தனை வருடமாகச் செய்திகளில் பார்த்ததைத்தான் சொன்னார்.

சரி, தேவையில்லாத சிசேரியனே இல்லையா என்றால், நிச்சயம் இருக்கிறது. 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் போக நியாயம் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 1985இலேயே சொன்னது. உலக அளவில் இப்போது ஐந்தில் ஒரு குழந்தைக்கு மேல் சிசேரியனில் பிறக்கிறது. இந்தியாவின் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 44.9 விழுக்காடு. தனியார் மருத்துவமனைகளை மட்டும் பார்த்தால் 63.8. இந்த வித்தியாசத்துக்குப் பெண்களின் பயத்தைக் காரணம் சொல்லிவிட்டுப் போக முடியாது. கேள்வியை மருத்துவமனைகளிடம்தான் கேட்க வேண்டும். முதல் பிரசவமா, குழந்தையின் தலை கீழ்ப்பக்கம் இருந்ததா, முன்பே சிசேரியன் ஆனவரா என்று தாய்மார்களைப் பத்து வகையாகப் பிரித்துப் பார்க்கும் ராப்சன் முறை 2001 முதல் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி எழுதினால் அது செய்தி. தாயின் தைரியத்தை அளந்து எழுதுவது செய்தியே அல்ல.

எண்ணைக் குறைப்பதையே பெருமையாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி வட்டார மருத்துவமனைகள் சிசேரியன் குறைவு என்று பாராட்டு வாங்கியவை. 2022இல் வந்த ஆக்கெண்டன் விசாரணை அறிக்கை, நல்ல கவனிப்பு இருந்திருந்தால் அங்கே 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்றது. அதே ஆண்டு, சிசேரியன் விழுக்காட்டை வைத்துத் தரம் பார்ப்பதை நிறுத்தும்படி மருத்துவமனைகளுக்கு அந்நாட்டுச் சுகாதாரச் சேவையே சொல்லிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனமும் 2015இல், ஓர் எண்ணைத் துரத்துவதைவிட, தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைப்பதே முக்கியம் என்று விளக்கியது. 1985ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைக் காட்டுவதில்லை.

என் மனதில் ஆழமாகப் பதிந்தது நாடீன் மாண்ட்கோமரி வழக்கு. ஸ்காட்லாந்துக்காரர், நீரிழிவு உள்ளவர், உயரம் குறைந்தவர். நீரிழிவு உள்ள தாய்க்குச் சுகப்பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ள 9 முதல் 10 விழுக்காடு வரை வாய்ப்பு உண்டு. குழந்தை பெரிதாக இருக்கிறதே என்று அவர் கவலைப்பட்டும் டாக்டர் அந்த ஆபத்தைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது டாக்டரின் வாதம். 1999இல் தோள் சிக்கி, மூளை பாதிக்கப்பட்டு மகன் பிறந்தான். அந்த ஆபத்தையும் சிசேரியன் என்ற மாற்று வழியையும் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தாய்க்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில் அந்தத் தீர்ப்பைச் சில மாற்றங்களோடு ஏற்றது. பிறகு மருத்துவர் எதை விளக்க வேண்டும் என்பதைச் சிங்கப்பூர்ச் சட்டமே வரையறுத்தது, அது 2022 ஜூலையில் நடப்புக்கு வந்தது. உங்கள் மனைவி கேட்கும் கேள்விகளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது, அதனால் கூச்சப்பட வேண்டாம்.

இளையவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு அப்படித்தான் விளக்கினார்கள். சுகப்பிரசவத்துக்கு முயன்றால் நூற்றில் எழுபது பேருக்குமேல் பலிக்கும், பழைய தையல் பிரியும் ஆபத்து ஏறக்குறைய இருநூறில் ஒருவருக்கு. மீண்டும் சிசேரியன் என்றால் அந்த ஆபத்து குறையும், ஆனால் ஒவ்வொரு முறையும் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். மூன்றாவது வேண்டாம் என்று நாங்கள் முன்பே முடிவெடுத்திருந்ததால் சிசேரியனைத் தேர்ந்தெடுத்தேன். அம்மா பஞ்சாங்கத்தோடு வந்தார். 39 வாரம் ஆன பிறகு டாக்டர் கொடுத்த நாளுக்குள் நேரம் பார்த்தால் யாருக்கும் நட்டமில்லை. நட்சத்திரத்துக்காக 37 வாரத்திலேயே எடுக்கச் சொன்னால், அது பிள்ளையின் மூச்சோடு விளையாடுவது.

சிங்கப்பூர் அதிபராக இருந்த பெஞ்சமின் ஷியர்ஸை ஈசிபி விரைவுச்சாலையில் உள்ள பாலத்தின் பெயராகத்தான் பலருக்குத் தெரியும். அவர் மகப்பேறு மருத்துவர். கருப்பையின் மேல்பகுதியில் வெட்டும் பழைய முறைக்குப் பதிலாகக் கீழ்ப்பகுதியில் வெட்டும் முறையை இங்கே கேகே மருத்துவமனையில் கொண்டுவந்தவர். கீழே வெட்டினால் இரத்தப்போக்கு குறைவு, தழும்பும் அடுத்த பிரசவத்தைத் தாங்கும். எனக்கு இரண்டு வழி கிடைத்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் மனைவிக்கு இப்போதைக்குச் சிசேரியன் பேச்சே எழாமல் இருக்கலாம். எழுந்தால், ஏன் இப்போது, காத்திருந்தால் என்ன ஆகும், அடுத்த பிரசவத்தை இது எப்படிப் பாதிக்கும் என்று கேளுங்கள். குழந்தையின் தலை கீழ்ப்பக்கம் திரும்பவில்லை என்றால், 36, 37 வாரத்தில் வெளியிலிருந்து கையால் திருப்பிப் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். அப்புறம், பத்தியம் என்று வீட்டில் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள். அதற்கு மட்டும் விடாதீர்கள். அறுவைக்குப் பிறகு காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, அவர் தண்ணீர் குடிக்க வேண்டும், நடக்க வேண்டும். முதல் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் அவர் தூக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், துணிக் கூடையையும் சேர்த்துத்தான்.