ஆம்னி எது, பஸ் எது?

வணக்கம் சார், ஆம்னி பஸ்ல வர்ற ஆம்னி லத்தீன் வார்த்தைன்னு படிச்சேன். அர்த்தம் என்ன? ஆம்னிபஸ்ஸுக்கு பன்மை ஆம்னிபைன்னு ஃப்ரெண்ட் அடிச்சு சொல்றான், சரியா? ரீபஸ்னு ஒரு படப்புதிர் இருக்கே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?
எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

ஃப்ரெண்ட் சொல்றது தப்பு. முன்னாள் மாணவரைச் சொல்ற அலும்னஸ், அதோட பன்மை அலும்னை மாதிரின்னு நினைச்சுட்டார் போல. அலும்னஸ்ல இருக்கற 'உஸ்' எழுவாய் ஒருமை, அது பன்மைல மாறும். ஆம்னிபஸ் எழுவாயே கிடையாது, ஏற்கனவே பன்மை, அதுவும் உருபு ஏறின பன்மை, அதுக்கு மேல எங்க பன்மை போடறது.

மூலச்சொல் ஒம்னிஸ், லத்தீன்ல 'ஒ'தான், இங்கிலீஷ் வழியா வந்ததால நமக்கு ஆம்னி ஆயிடுச்சு. 'எல்லா', 'முழு'ன்னு அர்த்தம். ஒம்னேஸ்னா எல்லாரும், ஒம்னியான்னா எல்லாப் பொருளும், ஒம்னியும்னா எல்லாருடைய, ஒம்னிபுஸ்னா எல்லாருக்கும். அதாவது பகுதி ஒம்னி, 'புஸ்' வெறும் நாலாம் வேற்றுமை உருபு, நம்ம 'க்கு' மாதிரி. 1826ல பிரான்ஸ்ல நான்ட் நகரத்துல போத்ரின்னு ஒருத்தர் குதிரை வண்டி சர்வீஸ் விட்டார், அதுக்குத்தான் இந்தப் பேர் வந்துச்சு, 1828ல பாரீஸ், 1829ல ஷில்லிபியர்னு ஒருத்தர் லண்டன்ல ஓட்டினார், அப்புறம் இங்கிலீஷ்காரன் முன்பாதியை வெட்டிட்டு உருபை மட்டும் வச்சுக்கிட்டான். ஸ்டாப்புல நின்னு "'க்கு' வந்துடுச்சா"ன்னு கேக்கறோம்னு வச்சுக்கோங்க.

இதுல நம்மாளுங்க ஆம்னி, பஸ்னு பிரிச்சு எழுதறது தற்செயலா இலக்கணப்படி கரெக்ட், பகுதி வேற விகுதி வேற. இன்னொரு வேடிக்கை, ஒம்னி தனியாவே ஒருமைல 'ஒவ்வொருத்தருக்கும்'னு நிக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயும் டிரைவரைத் தவிர 6 பேருக்கு மேல ஏத்தற வண்டி எல்லாமே ஆம்னிபஸ்தான், டவுன் பஸ்ஸும் சேர்த்து. நாமதான் தீபாவளிக்கு டிக்கெட் விலையைப் பாத்தாலே தலை சுத்தற வண்டிக்கு மட்டும் 'எல்லாருக்கும்'னு பேரை ஒதுக்கி வச்சிருக்கோம்.

ரீபஸ்ஸும் அதே உருபுதான். மூலம் ரேஸ், 'பொருள்'. லத்தீன் பன்மைல நாலாம் வேற்றுமையும் அப்லேட்டிவ்னு இன்னொரு வேற்றுமையும் எந்த வகைச் சொல்லா இருந்தாலும் ஒரே வடிவம், இடத்தைப் பாத்து பிரிச்சுக்கணும். இந்த அப்லேட்டிவ் நம்ம 'ஆல்', 'ஓடு', 'இருந்து' மூணு வேலையையும் பாக்கும். அதனால ரேபுஸ்னா இங்க 'பொருள்களால்', எழுத்துக்குப் பதிலா பொருளோட படத்தால சொல்ற புதிர்.