108 கிலோ ஆளுக்குப் பழைய ஆஃப்ரோடு பைக்: ஹிமாலயனா, எக்ஸ்பல்ஸா, 390 அட்வென்ச்சரா?

உயரம் 6 அடி 1 அங்குலம், எடை 108 கிலோ, எஸ்டேட் மண்ரோடும் காட்டுப்பாதையும் ஓட்ட வேண்டும், நடுவில் நெடுஞ்சாலையும் உண்டு என்கிறீர்கள். ராயல் என்ஃபீல்டின் பிஎஸ்6 (புகை விதி) ஹிமாலயன் 411 எடுங்கள். ஆனால் வண்டி விலையோடு ஸ்பிரிங் மாற்றும் செலவையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.

கனமானவர்கள் முதலில் சிசியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஸ்பிரிங். கம்பெனி ஸ்பிரிங் நடுத்தர எடை ஆளுக்கானது. ஹெல்மெட், பூட், பை சேர்ந்தால் நீங்கள் 115 கிலோவைத் தாண்டுவீர்கள். பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்சக்கரம் லேசாகும். ஏற்றத்தில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி வெளிப்பக்கமே ஓடும். கல்லில் இறங்கினால் ஷாக் முழுக்க அமுங்கி இடிக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது டேப்பும், கூட ஒரு ஆளும் வேண்டும். பின் ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே பாடியில் ஒரு புள்ளி குறித்துக்கொள்ளுங்கள். சக்கரம் தரையில் படாமல் மெயின் ஸ்டாண்டில் ஒரு அளவு, வண்டி மட்டும் தரையில் நிற்க ஒரு அளவு, ஹெல்மெட், பூட், பையோடு நீங்கள் உட்கார்ந்து ஒரு அளவு. ஹிமாலயனின் பின்சக்கரம் 180 மிமீ மேலும் கீழும் ஓடும். நீங்கள் உட்கார்ந்ததும் முதல் அளவிலிருந்து அதில் மூன்றில் ஒரு பங்குக்குள், 50 முதல் 60 மிமீ, இறங்கினால் சரி. பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அமைப்பை) முறுக்கி அந்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, ஆள் இல்லாமல் வண்டி தானாக 10 மிமீகூட இறங்கவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை என்று அர்த்தம். மேலும் முறுக்கிப் பயனில்லை. பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, வண்டியைத் தூக்கி மட்டும் கொடுக்கும்.

ஹிமாலயனுக்கு என் ஓட்டு இழுவைக்காக. 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. கனத்தோடு ஏற்றத்தில் கிளட்சை எரிக்க வேண்டியதில்லை. பிஎஸ்6 வண்டியில் பின் ஏபிஎஸ்ஸை (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது) அணைக்கலாம், மண்ணில் அப்படி அணைக்க வேண்டிவரும். குறை, 199 கிலோ எடை. சீட் 800 மிமீதான், உங்கள் முழங்கால் மடங்கியே இருக்கும். நின்று ஓட்டினால் முதுகு வளையும். ஹேண்டிலை உயர்த்தும் 30 மிமீ ரைசர் போட்டால் முதுகு வளைவது தீரும். போட்டதும் ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 4வி 160 கிலோவுக்குள் அடங்கும். விழுந்தால் தனியாகத் தூக்கிவிடலாம், அது சின்ன விஷயமில்லை. வெறும் காட்டுப்பாதை மட்டும் என்றால் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் பவர் 19 பிஎஸ் சொச்சம்தான். உங்கள் எடைக்கு நெடுஞ்சாலை ஏற்றத்தில் கியர் இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால் ஏற்றம் எளிதாகும், நெடுஞ்சாலையில் இன்ஜின் கத்தும்.

2025-க்கு முந்தைய கேடிஎம் 390 அட்வென்ச்சரின் 855 மிமீ சீட் உங்கள் காலுக்குப் பொருத்தம், 43.5 பிஎஸ் பவர் தாராளம். ஆனாலும் முன்சக்கரம் சின்னது, 19 அங்குலம், பெரும்பாலான வண்டிகளில் அலாய். இந்த எடையோடு கல்லில் இடித்தால் ரிம் வளையும், ஸ்போக் சக்கரம்போல முறுக்கி நேராக்க முடியாது.

ஹிமாலயனில் கோன்செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கை) கட்டாயம் பாருங்கள். மெயின் ஸ்டாண்ட் போட்டு, கூட வந்தவரைப் பின்னால் அழுத்தச் சொன்னால் முன்சக்கரம் எழும்பும். ஒரு விரலால் ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு குழியில் உட்காருவதுபோல் நின்றால் கோன்செட் போய்விட்டது; மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். ஸ்போக்குகளைச் சின்ன ஸ்பேனரால் தட்டுங்கள், 'டிங்' என்று வராமல் 'டொக்' என்பது தளர்ந்த ஸ்போக். இன்ஜினுக்கு அடியில் உள்ள பேஷ் பிளேட்டில் நெளிவு இருந்தால் பரவாயில்லை. பெட்டி மாட்டும் கம்பி சேரும் இடத்தில் சப்ஃப்ரேமின் (சீட்டைத் தாங்கும் பின்சட்டம்) வெல்டிங் ஓரம் பெயின்ட் விரிந்திருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

பேப்பரில், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் இருந்த வண்டியென்றால் படிவம் 35-ம் வங்கி என்ஓசியும்.

ஸ்பிரிங் ஆர்டர் செய்யும்போது ஹெல்மெட், பூட், பையோடு உள்ள எடையைச் சொல்லுங்கள், முன் ஃபோர்க்குக்கும் சேர்த்தே வாங்குங்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் போதும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வார்கள். ஆயில் ஃபோர்க் அசையும் வேகத்தைத்தான் குறைக்கும், எடையைத் தாங்காது.